காஷ்மீர்ச் சால்வை

மாசாணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது விருதுநகர் பேருந்து நிலையத்தில். டெல்லி போய் வந்த சுற்றுலா பஸ்ஸிலிருந்து சமையல் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முப்பது பேருக்கும் வழியெல்லாம் பொங்கிப் போட்டவர் அவர்தான்.

பஸ்ஸுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஞானசிகாமணி. செங்கோட்டை பார்த்த அன்று ஒரு சால்வை வாங்கிவிட்டு, "அசல் காஷ்மீர். முட்டையைச் சுத்தி வச்சா குஞ்சு பொரிக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அருங்காட்சியகம். அங்கே அடுப்புப் பற்றவைக்கக் கூடாது.

"ஒரு மணிக்குச் சாம்பார் சாதம் சுடச்சுட வேணும். ஆறியிருந்தா நீ டெல்லியிலேயே நின்னுக்க" என்று முந்தின இரவே சொல்லிவிட்டார் தலைவர்.

"சரிங்கய்யா" என்றார் மாசாணம்.

விடியற்காலையிலேயே சமைத்து முடித்தவர், எங்களோடு உள்ளே வந்து சிலைகளை நிதானமாகப் பார்த்தார். ஒரு மணிக்குப் பஸ்ஸிலிருந்து அண்டாவை இறக்கினார். அதைச் சுற்றி அந்தச் சால்வை.

"யாரைக் கேட்டுடா எடுத்தே?"

"அசல்னு நீங்க சொன்னதை நம்பித்தான்யா சுத்தினேன். சோறு ஆறியிருந்தா கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்னு அர்த்தம். நீங்களே தின்னு பார்த்துச் சொல்லுங்க."

முப்பது பேரும் தலைவர் வாயையே பார்த்தோம். ஒரு கவளம் வைத்து மெல்ல விழுங்கினார்.

"சுடுது" என்றார்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள் என் மனைவி கோமு, தன் தட்டிலிருந்து ஒரு வாய் தின்றுவிட்டு, என் காதோரம்.

அன்று மாலை இந்தியா கேட் முன்னால் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கோமு இருக்கிறாள், மாசாணம் இருக்கிறார். தலைவர் தோளில் சால்வை. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பார்க் கறை.