எடைக்கல் சொன்ன சாட்சி

எடைக்கல்லுக்கு முதலில் துரோகம் செய்தது துவரம்பருப்புப் பொட்டலம். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில், தவமணி அண்ணாச்சியின் மளிகைக் கடையில் அந்த ஒரு கிலோ எடைக்கல் இருந்தது. இரும்பு உடம்பு. அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தின் மேல் அரசு முத்திரை. அது தராசில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

ஒருநாள் அண்ணாச்சி பருப்பை முன்கூட்டியே நிறுத்து, பையில் அடைத்து, ஒரு கிலோ என்று அச்சடித்து அடுக்கி வைத்தார். யாரும் தொடவில்லை.

"கண்ணு முன்னால நிறுத்துக் குடுங்க அண்ணாச்சி," என்றாள் வாடிக்கைக்காரி வேதவல்லி. "இது என்ன மொய்க் கவரா, பிரிச்சுப் பாக்காம வாங்கிக்க?"

அவள் போனதும் பொட்டலம் எடைக்கல்லைக் கூப்பிட்டது. "அண்ணே, என்னை யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஒரு தடவை என் எதிர்த்தட்டுல உட்கார்ந்து எனக்காகச் சாட்சி சொல்லுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒரு சங்கடம்னா நான் சொல்லுவேன்."

"எனக்கென்னடா சங்கடம் வரப்போகுது?" என்று எடைக்கல் சிரித்தது. ஆனாலும் மறுநாள் வேதவல்லியின் முன்னால் ஏறி உட்கார்ந்தது. முள் நடுவில் நின்றது. வேதவல்லி இரண்டு பொட்டலம் வாங்கிப் போனாள்.

அப்புறம் கடை வளர்ந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இரண்டாவது கடை. பிறகு பத்து ஊர், முப்பது ஊர். ஜனங்கள் தாங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஏசி வந்தது, கம்ப்யூட்டர் பில் வந்தது. நிறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

எடைக்கல்லுக்கு மிஞ்சியது ஒரே வேலை. புதுக்கடை திறக்கும்போதெல்லாம் முதல் போணிக்கு முன்னால், அண்ணாச்சி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எதிர்த்தட்டில் ஒரு பருப்புப் பொட்டலத்தை வைப்பார்; எந்தக் கடையில் எடுத்தாலும் எடைக்கல்லுக்கு அது அதே தம்பிதான். முள் நடுவில் நிற்கும். கூட்டம் கைதட்டும். பிறகு எடைக்கல் அலமாரிக்குப் போய்விடும்.

அலமாரி இருட்டில் அதற்கு ஒரே கவலை. முத்திரையில் இருந்த வருஷம் பழசாகிக்கொண்டே போனது. யாரும் புதுப்பிக்கவில்லை. அடுத்த கடை திறக்காவிட்டால்? திறந்தும் தன்னைக் கூப்பிடாவிட்டால்?

நூறாவது கடைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பொட்டலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கே? உடம்பு தொளதொளன்னு கெடக்கு."

"ஏசிக் குளிரு, அண்ணே." பிறகு அது மெதுவாகக் கேட்டது. "இன்னைக்கு இந்தச் சடங்கு வேண்டாமே. ஏதாவது சாக்குச் சொல்லி எங்கேயாவது உருண்டு போயிடுங்களேன்."

"இதுக்காகத்தான் என்னை வச்சிருக்காங்க. இதுவும் இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவாங்கடா."

சக்கர நாற்காலியில் வந்த அண்ணாச்சி இரண்டையும் தட்டில் வைத்தார். எடைக்கல் இருந்த தட்டு தணிந்தது. பொட்டலம் மேலே போய் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. "என்னப்பா இது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அண்ணாச்சியின் மகன் ஜெயசீலன் வேறு பக்கம் பார்த்தான்.

மேலாளர் பிரதீபன் எடைக்கல்லை எடுத்துத் திருப்பினான். "முத்திரை போட்டு இருபது வருஷம் ஆச்சு. கல்லு துரு ஏறி எடை கூடிப்போச்சு, அண்ணாச்சி."

"அப்படியா," என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

பொட்டலத்தின் முதுகில், ஒட்டின மடிப்புக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் தொள்ளாயிரம் கிராம் என்று இருந்தது. போன திறப்பு விழாவுக்குப் பிறகு உள்ளே நூறு கிராம் பருப்பைக் குறைத்து மாற்றியது. அது ஒரு புரட்டு புரண்டு படுத்திருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது மல்லாந்தே கிடந்தது.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் படுத்திருக்கலாமே தம்பி," என்றது எடைக்கல்.

"படுத்தா நூறு கடையிலயும் என்னைத் திருப்பிப் பாப்பாங்க, அண்ணே. அன்னைக்கு நீங்க சாட்சி சொன்னதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் சொன்னா எனக்குப் பொழப்பே போயிடும்."

இரண்டு நாள் கழித்து எடைக்கல் ஒரு சாக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. கடைக்காரர் அதைத் தனியாக எடுத்து மின்தராசில் வைத்தார். எண்கள் ஓடி நின்றன.

"பெரியவரே, சரியா ஒரு கிலோ," என்றது மின்தராசு. "ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"எனக்குத் தெரியும்," என்றது எடைக்கல். "சொல்ல வேண்டியவன் இன்னும் சொல்லலை."