பதினோரு சொரக்கா விதை

ஒரு ஊர்ல ஒரு சொரக்காப் பந்தல் இருந்துச்சு.

"பந்தலா? ராஜா இல்லையா அத்தை?"

ராஜா இல்ல அல்லி. பந்தல்தான். கேக்குறியா, தூங்குறியா?

"கேக்குறேன்."

அப்போ 'ம்' போடு.

"ம்."

அந்தப் பந்தல் வெள்ளத்தாயியோடது. அவ புருஷன் பேரு சீனிச்சாமி. புள்ளகுட்டி கிடையாது. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம்போல எடம், அதுல கத்திரி, வெண்டை, அவரை, நடுவுல சொரக்கா.

சீனிச்சாமி அடுத்தவங்க தோட்டத்துக்குக் கூலிக்கு மருந்தடிக்கப் போவான். பூச்சியச் சாகடிக்கிற மருந்து. முதுகுல டப்பாவ மாட்டிக்கிட்டு 'உஸ்... உஸ்...'னு அடிச்சுக்கிட்டே போவான். ஒருநாள் காத்து திரும்பிடுச்சு. அவ்வளவும் அவன் மூஞ்சியில. வாயில நுரை தள்ளி வரப்புல விழுந்தவன், பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் எந்திரிச்சான். அப்புறம் வெள்ளத்தாயி சொல்லிட்டா, "இனிமே இந்த மருந்து நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது. திங்குற காயிலயும் வரக்கூடாது."

"ம்."

அப்புறம் சாம்பலத் தூவுனா. வேப்பங்கொட்டைய இடிச்சு ஊற வச்சுத் தெளிச்சா. புழுவ ஒண்ணொண்ணாக் கையால பொறுக்குனா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அடுத்த வீட்டு மாடத்தி சிரிப்பா.

"என்ன மதினி, புழுவுக்கெல்லாம் பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு. குண்டா இருக்குறதுக்கு உன் பேரு."

சிரிக்கிறியே, தூக்கம் போயிடும். கேளு. ஊர்ல எல்லாரும் கடையில பாக்கெட் விதை வாங்கிப் போடுவாங்க. வெள்ளத்தாயியும் ஒருதடவ போட்டுப் பாத்தா. மருந்து அடிக்காம அந்தக் கொடி நிக்கல, வண்டு தின்னு சல்லடையாக்கிடுச்சு. அவ மாமியா காலத்துல இருந்து வந்த சொரக்கா மட்டுந்தான் மருந்தில்லாம நின்னுச்சு. அதனால அந்த விதைன்னா அவளுக்கு உசுரு.

அப்போ ஒரு வருஷம், சுத்திலும் எல்லாரும் மருந்தடிச்சு அடிச்சு, ஊர்ல தேனீயே இல்லாம போச்சு. கொடி நெறைய பூவு. ஒண்ணும் பிஞ்சு பிடிக்கல. பொத்து பொத்துன்னு உதிருது. வெள்ளத்தாயி பொழுது சாயுற நேரம், பூ விரியும்போது, ஆண்பூவப் பறிச்சு பெண்பூவுல மெதுவாத் தொட்டுத் தொட்டு வச்சா.

"என்ன புள்ள பண்ற?"ன்னான் சீனிச்சாமி.

"தேனீ வேலை பாக்குறேன். கூலி குடுப்பீங்களா?"

ஒரே ஒரு காய் பிடிச்சுது. பானை மாதிரி உருண்டையா. சீனிச்சாமி அதையே சுத்திச் சுத்தி வந்தான். "ரெண்டு நாள் கூட்டு வைக்கலாமே."

"அடுத்த வருஷக் கூட்டுக்கு எங்க போவீங்க? கை வைக்காதீங்க."

காய் முத்தி, காஞ்சு, ஆட்டுனா உள்ள 'கடகட'ன்னுச்சு. ஒடச்சுப் பாத்தா கிட்டத்தட்ட எல்லாமே சொத்தை. தேறுனது பதினோரு விதை. அத ஈரச்சாணியில பொதிச்சு, வரட்டியாத் தட்டி, அடுப்பு மேல உள்சுவத்துல ஒட்டுனா. பொகை பட்டா பூச்சி வராது. அந்த ஊர்ல எரிக்கிற வரட்டி வெளிச்சுவத்துல இருக்கும், விதை வரட்டி உள்சுவத்துல இருக்கும். பொம்பளைங்க எல்லாருக்கும் இது தெரியும். ஆம்பளைங்க யாரும் கேட்டுக்கிட்டதில்ல.

"ம்."

ஐப்பசியில மழை பிடிச்சுது. சளசளன்னு நாலு நாள். வெள்ளத்தாயிக்குக் காய்ச்சல். நெருப்பாக் கொதிக்குது, கைகால் வெடவெடன்னு நடுங்குது. வெறும் வயிறு. கஞ்சி காய்ச்சலாம்னு சீனிச்சாமி அன்னிக்குத்தான் மொதமொத அடுப்புகிட்ட உக்காந்தான். விறகப் பத்த வச்சான், ஈரம். வெளிச்சுவத்து வரட்டியப் பத்த வச்சான், அது மாவாக் கரைஞ்சு கெடக்கு. தென்னமட்டையப் பத்த வச்சான், பொகைதான் வந்துச்சு. அப்போ அண்ணாந்து பாத்தான். உள்சுவத்துல ஒரே ஒரு வரட்டி, நல்லாக் காஞ்சது.

"அய்யோ."

அதச் சுவத்துல இருந்து பேத்து எடுத்தான். அடுப்புல வச்சான். குப்புன்னு பிடிச்சுது. கொஞ்ச நேரத்துல 'பட்'டுன்னு ஒரு சத்தம். அப்புறம் 'பட்... படபட... பட்'டுன்னு.

உள்ள படுத்திருந்தவ கண்ணத் தெறந்தா. "என்னங்க வச்சீங்க?"

"வரட்டி. மேல ஒண்ணு இருந்துச்சுல்ல? அருமையா எரியுது புள்ள."

சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தா. அப்புறம், "கஞ்சி கொதிச்சிருச்சா?"ன்னா.

"கொதிச்சிருச்சு."

"கொண்டாங்க."

ஊதி ஊதிக் குடிச்சா. ரெண்டாந்தடவையும் வாங்கிக் குடிச்சா. நாலஞ்சு நாள்ல எந்திரிச்சு உக்காந்துட்டா.

"அவனத் திட்டலையா அத்தை?"

திட்டல. சொல்லவும் இல்ல.

அப்புறம் ஆடி வந்துச்சு. சீனிச்சாமி விடியக்காலமே எந்திரிச்சு குழி எடுத்தான், மக்குன எருவப் போட்டான், புதுசா மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டான். மண்ணுக் கையோட உள்ள வந்து கைய நீட்டுனான். "விதையக் குடு புள்ள."

வெள்ளத்தாயி அடுப்பு மேல சுவத்தப் பாத்தா. அவனும் பாத்தான். கரி புடிச்ச சுவத்துல வட்டமா ஒரு வெள்ளைத் தழும்பு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவனுக்கு வெளங்குச்சு.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு."

அப்புறம் அவன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு விதை தேடிக் கிளம்பிட்டான். மொத ஊர்ல கேட்டான். பாக்கெட்டக் காட்டுனாங்க. ரெண்டாவது ஊர்ல கேட்டான். "உருண்டைச் சொரக்காயா? அதெல்லாம் இப்ப யாரு போடுறா?"ன்னாங்க. மூணாவது ஊருக்குப் போகும்போது கால்ல கொப்புளம். அங்க ஒரு அம்மா முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"எந்த ஊருப்பா நீ?"

சொன்னான்.

"அட, அத விட்டுட்டு இம்புட்டுத் தூரமா வந்த? உங்க ஊர்லயே வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருக்கா. அந்த விதை இந்தச் சுத்துவட்டாரத்துல அவகிட்ட மட்டுந்தான் இருக்கு. நல்ல பொம்பள. போயிக் கேளு, இல்லேன்னு சொல்ல மாட்டா."

"ம்... அவன் என்ன சொன்னான்?"

"சரிங்கம்மா, கேக்குறேன்"னான்.

அப்புறம் நடந்தான். நடந்து நடந்து வீட்டுக்கு வந்தா, வெள்ளத்தாயி பந்தலுக்குக் கீழ நிக்கிறா. மேல கொடி இல்ல, வெறும் மூங்கில்.

"கெடச்சுதா?"ன்னு கேட்டா.

"உங்கிட்ட இருக்காம்"னான்.

அல்லி?

"...ம்."

அவனும் அவ பக்கத்துல போயி நின்னான். கதையும் அந்தப் பந்தலடியிலயே நின்னு போச்சு. கண்ண மூடு, தூங்கு.