தூக்கக் கலக்கத்தை ஏலம் விட்ட ஊர்

மருந்துக்கடையைத் தாண்டும்போதெல்லாம் என் பெரியப்பா ஒன்று சொல்வார். "மாத்திரைங்கிறது வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை மாதிரிப்பா. அவர் மட்டும் வரமாட்டார், கூட..." என்று தொடங்கும். கூட யார் வருவார்கள் என்றாரா, வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்றாரா, மீதி நினைவில்லை. தவிட்டூரணிக்காரர்களின் கதையைக் கேட்ட பிறகு, மீதியை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தவிட்டூரணியில் மொத்தம் நானூறு பேர். அதில் முத்திருளனுக்கு வலது கால் பெருவிரல் வீங்கிவிட்டது. போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற வீக்கம். மகள் பவளத்துக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

"உக்காந்துக்கிட்டே குடுத்தா என்னப்பா, வாங்கமாட்டேன்னா சொல்லப்போறாக?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் சோணை.

"ஒரே மகளுண்ணே. நின்னுதான் குடுப்பேன்."

ஊரே டெம்போ பிடித்து டவுனுக்குப் போனது. டாக்டரம்மா விரலைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார், ஒரு பெட்டியைக் கொடுத்தார்.

"இது புதுசா வந்திருக்கிற மாத்திரை. வீக்கம் வத்தும், திரும்ப வராமலும் பாத்துக்கும். காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. உள்ள ஒரு தாள் இருக்கு, படிச்சுக்குங்க. முக்கியமா, கால் சரியாப் போச்சுன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது."

"நானா நிறுத்தமாட்டேம்மா," என்றார் முத்திருளன். அவர் சொன்ன சொல் தவறாதவர்.

தாளை வாசிக்கும் பொறுப்பு அழகுமலைக்கு வந்தது. எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவரே. வாசித்தது என்ன என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது.

"உட்கொள்ளும் முன் கர்ப்பிணிகள் மருத்துவரை அணுகவும்," என்று வாசித்தார்.

சோணை கையை உயர்த்தினார். "யாரு உட்கொள்றதுக்கு முன்னாடி?"

"போடலை."

"நம்ம ஊருல இப்ப யாரு உட்கொள்ளப் போறா?"

"முத்திருளண்ணன்."

"அப்ப அவன் முழுங்குறதுக்கு முன்னாடி கர்ப்பிணிக போயிட்டு வந்துரணும். எத்தனை பேரு இருக்காக?"

நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் டெம்போவில் ஏறிப் போய் டாக்டரம்மாவை அணுகினார்கள். உங்களுக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்டதற்கு, "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, முத்திருளன் மாமாவுக்குக் கால் வீக்கம்," என்றார்கள். டாக்டரம்மா நாலு பேரின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். பிறகு நாலு பேருக்கும் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வரி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்றது. பெட்டியை ஒரு தூக்குவாளியில் போட்டு வேப்பமரத்து உச்சிக் கிளையில் கட்டினார்கள். கட்டிய ஆள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் காலை ஏறி எடுக்கப் பெரியவர்கள் ஒருவராலும் முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஏறி எடுத்துக் கொடுத்து, வாளியைத் திரும்பவும் தங்கள் கைக்கு எட்டாத அந்த இடத்திலேயே கட்டிவிட்டு இறங்கின.

இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கையில் எடுத்தார் முத்திருளன். அப்போதுதான் அழகுமலை தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"பத்தில் ஒருவருக்குத் தலைசுற்றல். பத்தில் ஒருவருக்குத் தூக்கக் கலக்கம். நூறில் ஒருவருக்குக் குமட்டல். ஆயிரத்தில் ஒருவருக்கு முடி உதிர்தல்."

முத்திருளன் மாத்திரையைக் கீழே வைத்தார். "தலை சுத்தி மணவறையில விழுந்தேன்னா? அதுக்குக் கால் வலியோட உக்காந்தே குடுத்துரலாம்."

ஊர் கூடியது.

"இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றார் சோணை. "பத்துப் பேருல ஒருத்தருக்குன்னுதான போட்டிருக்கு? அந்த ஒருத்தன் முத்திருளன்னு போட்டிருக்கா?"

"போடலை," என்றார் அழகுமலை.

"திருவிழா மண்டகப்படியை நாம முறை வச்சுப் பிரிச்சுக்கலையா? அதே மாதிரி இதையும் பிரிச்சுக்குவோம். மருந்து அவனுக்கு, மத்தது நமக்கு."

முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார்கள், கூட்டத்துக்கு ஒருத்தர் என்று.

தலைசுற்றலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நினைத்தார்கள். தினமும் சாயங்காலம் சாராயக்கடைக்குப் போய்வருகிற காத்தமுத்து முதலில் எழுந்தார். "எனக்கு ஏற்கெனவே பழக்கம்தான்ணே, எழுதிக்குங்க." அவருடைய சேக்காளிகள் அத்தனை பேரும் பின்னாலேயே எழுந்தார்கள். கணக்குச் சரியாக வந்தது.

குமட்டலுக்கு நாலு பேர் வேண்டும். கர்ப்பிணிகள் நாலு பேரும் கலந்து பேசினார்கள். "எங்களுக்கு விடிஞ்சா அதுதான். அதுலயே கழிச்சுக்குங்க," என்றார்கள். இப்படி ஒரு பெருந்தன்மையை ஊர் பார்த்ததில்லை.

தூக்கக் கலக்கத்தில்தான் சண்டை வந்தது. அது எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

"நாலு மணிக்கு எந்திரிச்சு மாடு கறக்குறவ நான். எனக்கில்லாம யாருக்கு?"

"போன வருசம் முளைப்பாரிக்கு முன்வரிசை உனக்குத்தான விட்டுக்குடுத்தோம்? இது எனக்கு."

கடைசியில் கோயில் பொருளை ஏலம் விடுவதுபோல் விட்டார்கள். "தூக்கக் கலக்கம், ஒரு சேவல், ஒருதரம். சேவலும் கோழியும், ரெண்டுதரம்." ஒரு ஆட்டுக்கிடா வரைக்கும் போனது. எடுத்தவர்கள் அங்கேயே துண்டை விரித்துப் படுத்தார்கள்.

முத்திருளன் மாத்திரையை விழுங்கினார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஊர் முறை தவறாமல் ஆடியது, குமட்டியது, கொட்டாவி விட்டது. இரண்டு வாரத்தில் பெருவிரல் வற்றி மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டது. முத்திருளன் சந்தனம் அரைக்கிற கல்லைச் சுற்றி நடந்து காட்டினார்.

முடி உதிர்தலுக்கு மட்டும் யாரையும் நியமிக்கவில்லை. "ஊருல ஆயிரம் பேரு இருந்தாத்தான அது வரும்? நானூறுல எப்பிடி வரும்?" என்று சோணை சொல்லிவிட்டார். எல்லோரும் தலையைத் தடவிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அழகுமலை மூச்சிரைக்க ஓடிவந்தார். "மாப்பிள்ளை வீட்டுல எத்தனை பேரு வர்றாக?"

சோணை நாற்காலியை விட்டு எழுந்தார். அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள்.

"உங்க பக்கம் ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு வரலாம். மாப்பிள்ளையையும் சேத்துத்தான். ஒரு தலை கூடக் கூடாது," என்றார் சோணை.

"அது என்னங்க கணக்கு?"

"கணக்கு அப்படி."

ஜோசியர் சொன்னதாக்கும் என்று சம்பந்தி பயபக்தியோடு ஒத்துக்கொண்டார். தன் சொந்த மச்சானையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முகூர்த்தத்தன்று காத்தமுத்து பந்தல் வாசலில் நின்று ஆடிக்கொண்டே எண்ணினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. படலைச் சாத்தினார். மணவறையில் முத்திருளன் இரண்டு காலையும் ஊன்றி, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். ஊரே மூக்கைச் சிந்தியது.

மாப்பிள்ளை பாண்டித்துரை பட்டுத் தலைப்பாகையோடு குனிந்து தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டார். அந்த நேரம் பார்த்துப் படலைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா உள்ளே வந்தார். நன்றியில் முத்திருளன் போன மாதமே அவருக்குப் பத்திரிகை வைத்திருந்தார். கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

"ஆயிரம்," என்றார் காத்தமுத்து.

தலைப்பாகை நழுவி ஓமகுண்டத்துப் பக்கம் உருண்டது. மாப்பிள்ளையின் தலை வெண்கலச் செம்பு மாதிரி மின்னியது. மேளம் நின்றது. கட்டிய மூன்றாவது முடிச்சோடு பவளம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பாவுக்காகப் போச்சே," என்று தேம்பினாள்.

சோணை சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரணும். எங்க மருந்துதான் உங்க பையன் முடியை வாங்கிருச்சு."

பெண் பார்த்த நாளிலிருந்து தலைப்பாகையைக் கழற்றவிடாமல் பையனைக் காவல் காத்துவந்த சம்பந்தி, ஒரு கணம்தான் யோசித்தார். "காலையில சீவும்போதுகூட இருந்துச்சே," என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா. "இந்தத் தலையில பத்து வருஷமா முடி கிடையாது. பாத்தாலே தெரியுது."

"டாக்டரம்மா," என்றார் சோணை, மரியாதை குறையாமல். "ஆயிரமாவது ஆளா வந்ததே நீங்கதான். பேசாமப் பந்தியில உக்காருங்க."

டாக்டரம்மா போய் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார் என்று சொல்கிறார்கள்.

பந்தி முடிந்ததும் முத்திருளன் வேப்பமரத்தடிக்குப் போய், மேலே ஆடுகிற தூக்குவாளியைப் பார்த்தார். பிறகு, மாப்பிள்ளைக்கு முடி முளைக்கிற வரைக்கும் அந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்றும், தானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால் சம்பந்தியை விட்டு நிறுத்தச் சொல்வது என்றும் முடிவு செய்தார்.