நல்லா இளைச்சிட்டியே

உலகம்மை மலையடிவாரத்தில் வைத்தியம் பார்த்து வந்தாள். பருத்த உடம்புக்காரி. அவளிடம் வைத்தியம் கற்க வந்த மாசானம், முன்பு சிலம்ப வாத்தியாராக இருந்தவன். அவள் வயதுதான் அவனுக்கும். ஒட்டிய வயிறு, உருண்ட தோள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒருநாள் காலை அவன் வாசலில் மருந்து இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர் வெள்ளையம்மாள் வந்தாள். அவனுக்குச் சட்டென்று ஆள் யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் உலக்கையை வைத்துவிட்டு எழுந்தான்.

"நல்லா இளைச்சிட்டியே தாயி. பாதி ஆளா ஆயிட்ட. இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு."

வெள்ளையம்மாள் தூணைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

அவன் உள்ளே குரல் கொடுத்தான். "அம்மா, நான் வைத்தியம் சொல்லி அனுப்புன ஆள் வந்திருக்கு. வந்து பாருங்க."

உலகம்மை வந்தாள். வெள்ளையம்மாளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நாடி பார்த்தாள். வயிற்றில் விரல் வைத்து அழுத்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். வெள்ளையம்மாள் பல்லைக் கடித்தாள்.

"எப்ப இருந்து சாப்பிடல?"

"ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்கு. இறங்குனாலும் வாந்தியாப் போயிருது."

"மொதல்ல எதுக்கு இங்க வந்த?"

"வயித்துவலிக்குத்தான். ஆடியில வந்தேன். நீங்க ஊர்ல இல்ல. இவருதான் இருந்தாரு. உடம்பக் குறை, எல்லாம் சரியாயிரும்னாரு."

"குறைச்சியா?"

"பட்டினி கிடந்தேன். அப்புறம் பசியே எடுக்கல. ஊர்ல எல்லாரும், அப்படி என்னதான் சாப்பிடுத, எங்களுக்கும் சொல்லுன்னு கேட்டாங்க. வலிக்குன்னு சொன்னேன். அத யாரும் காதுல வாங்கல." அவள் மாசானத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பெருத்து இருந்தப்பவும் என் உடம்பத்தான் பாத்தீரு. இப்பவும் அதத்தான் பாக்கீரு."

உலகம்மை அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நாடி பார்த்தியா?"

"இல்லம்மா."

"வயித்தத் தொட்டுப் பார்த்தியா?"

"இல்ல. பார்த்தாலே தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"பெருத்த உடம்பு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"என் உடம்பும் பெருத்ததுதான். எனக்கு என்ன நோய்னு சொல்லு."

அவன் குனிந்து உலக்கையை எடுத்தான்.

"சொல்லு மாசானம். பார்த்தாலே தெரியும்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அப்படி அவள் பேசி அவன் கேட்டதில்லை.

அன்று மத்தியானமே வெள்ளையம்மாளின் வலிக்கு மூலிகை பறிக்க இருவரும் மலையேறினார்கள். உலகம்மை முன்னால் போனாள். பாதி மலையில் அவளுக்குப் பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். மாசானம் ஒரு பாறையில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருசமா இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கு என்ன வந்துரப்போகுதுன்னு..."

உலகம்மை இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"இங்கயே உட்காரு. இந்த வழியா யாராவது வந்தா, நான்தான் ஏற முடியாம நிக்கேன்னு நினைப்பாங்க. உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அவள் மட்டும் மேலே போய் மூலிகையோடு இறங்கி வந்தாள். அன்று முதல் அவனுக்கும் மருந்து கொடுத்தாள். அவனும் மறுபேச்சில்லாமல் குடித்தான்.

வெள்ளையம்மாள் உலகம்மை வீட்டிலேயே தங்கினாள். மருந்தில் வலி அடங்கியது. வயிற்றில் அன்று விரலுக்குத் தட்டுப்பட்ட கட்டி கரையவில்லை. மாசானம்தான் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தான். அவள் குடித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்று ஒருநாள் அவன் கேட்டபோது, "கஞ்சி போதும்" என்றாள்.

தை பிறக்கும் முன் அவள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்து இருவரும் ஆற்றங்கரை வழியே திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாசானம் நின்றான்.

"அம்மா, ஆடியிலேயே நான் அவ கையைப் பிடிச்சுப் பார்த்திருந்தா, பிழைச்சிருப்பாளா?"

"தெரியல" என்றாள் உலகம்மை. "அதத் தெரிஞ்சுக்கத்தான் அவ வந்தா. நீ திருப்பி அனுப்பிட்ட."