பூஜைக்கு வந்த சின்னவன்

ஒரு கடலோர ஊரில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் போகிற சந்தில், ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்று இருந்தது. ஒரே அறைதான். உள்ளே நின்று கத்தினால் வாசலில் நிற்பவனுக்குக் கேட்காது. வாசலில் லாரி போனால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. நாலு சுவரிலும் கூரையிலும் கறுப்பு ஃபோம் ஒட்டியிருந்தது. சத்தத்தைக் குடித்துக் குடித்து அது எப்போதும் அரைத் தூக்கத்தில் கிடக்கும்.

ஸ்டூடியோக்காரர் பெயர் சேர்மத்துரை. கடை விளம்பரம், கோயில் கொடை விழா அறிவிப்பு, மாதா பாட்டு என்று எது வந்தாலும் பதிவார். அவருக்கும் அங்கிருந்த சாமான்களுக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது. அவர் பேசுவார், அவை பதில் சொல்லும்.

ஒரு நாள் ஏலக்காரர் மிக்கேல் வந்தார். கூடவே அவர் மனைவி செல்வராணி. ஏலக்கூடத்தில் மிக்கேல் விலை கூறினால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையில் இப்போது புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

"தம்பி, போறதுக்கு முன்னால இதைக் கழட்டி உங்கிட்ட வச்சிட்டுப் போறேன்" என்று மிக்கேல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "புண்ணு ஆறுனதும் வந்து வாங்கிக்கிடுதேன்."

வேண்டிய சொற்களையெல்லாம் அவர் பேசி வைக்க வேண்டியது. அவர் திரும்பி வந்ததும் சேர்மத்துரை அவற்றைத் தனித்தனியாக வெட்டி அவருடைய செல்போனில் ஏற்றித் தர வேண்டியது. அழுத்தினால் பேசும். அவர் குரலிலேயே பேசும். இதுதான் ஏற்பாடு.

மூன்று மத்தியானம் மிக்கேல் பேசினார். எண்களை எல்லாம் சொன்னார். அவற்றைக் கூட்டிக் கழித்து, தொண்டை இல்லாமலே ஏலம் விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. வஞ்சிரம், பாறை, விளமீன், ஊளி என்று மீன் பெயர்களைச் சொன்னார். வலிக்குது, தண்ணி கொடு, மின்விசிறியைக் குறை என்று சொன்னார்.

"சண்டைக்கு என்ன செய்வீய?" என்று கேட்டாள் செல்வராணி. "நாலு கெட்ட வார்த்தையும் சொல்லி வையுங்க. இல்லைன்னா ஏலக்கூடத்துல ஒருத்தன் மதிக்க மாட்டான்."

அவர் அதையும் சொன்னார், நல்ல ருசியோடு. மைக் கூச்சத்தில் கரகரத்தது.

மகள் மாசமாக இருந்தாள். ஆணோ பெண்ணோ தெரியாது. அதனால் "ஏ ராசா" என்று ஒரு தடவையும் "ஏ ராசாத்தி" என்று ஒரு தடவையும் கூப்பிட்டு வைத்தார். கடைசியில் மனைவி பெயர். டீ கேட்கும்போது கூப்பிடுகிற மாதிரி, சாவியைக் காணாதபோது கூப்பிடுகிற மாதிரி, கோபத்தில் கூப்பிடுகிற மாதிரி. எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பயந்தா எப்படிக் கூப்பிடுவேன்னு தெரியலியே" என்றார். அப்புறம் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டார்.



அவர்கள் மதுரைக்கு பஸ் ஏறின அன்றே கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. "அண்ணாச்சி, எனக்கு வயசாச்சு. திடீர் திடீர்னு நெஞ்சு அடைக்கி. அவர் குரலை எனக்குள்ள மட்டும் வைக்காதீரு. நான் படுத்துட்டா அதுவும் எங்கூட வந்திரும்."

அந்த மனிதரின் குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்பது சேர்மத்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. மிக்கேல் வீட்டுக் கல்யாண வீடியோவில்கூட அவர் வாயை அசைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார், மேலே சினிமாப் பாட்டு ஓடும். யாரிடம் கொடுத்து வைப்பது என்று சேர்மத்துரை யோசித்தார்.

"நான் வாரேன்" என்று முதலில் குதித்தது பென்டிரைவ்.

"நீ சட்டைப் பையோட வாஷிங்மெஷினுக்குள்ள போயிட்டு வந்தவன்லா?"

"குளிச்சிட்டு வந்தேன். அது ஒரு குத்தமா?"

இன்டர்நெட் கம்பி வழியாக இன்னொரு குரல் வந்தது. மேகம் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒன்று. "என்னிடம் கொடுங்கள். என்னை நெருப்பும் தொடாது, தண்ணீரும் தொடாது."

"உன் வீடு எங்க இருக்கு?"

"எங்கும்."

"எங்கும்னா? ஒரு தெரு, ஒரு வாசல் இருக்கும்லா?"

"அதைச் சொல்வதற்கில்லை."

"விலாசம் சொல்லாதவன் கையில ஒரு மனுஷன் தொண்டையைக் கொடுக்கவா?" என்று சேர்மத்துரை கம்பியைப் பிடுங்கிவிட்டார். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

கடைசியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். ஒரே பெட்டியில் வந்த இரட்டைப் பிள்ளைகள். பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்தார். இருவருக்கும் மிக்கேலின் குரலை முழுசாகக் கொடுத்தார். பெரியவன் ஸ்டூடியோ மேஜை இழுப்பறையில் இருக்க வேண்டும். சின்னவன் ஊரின் மறுகோடியில், சேர்மத்துரையின் கோமு அக்கா வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வருவான், புதிதாகப் பதிந்ததை வாங்கிக்கொள்வான், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான்.

"ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில தங்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம்" என்றார் சேர்மத்துரை.

சின்னவனுக்கு பீரோ பிடிக்கவில்லை. இருட்டு. பாச்சா உருண்டை நெடி. பட்டுச் சேலைகள் அவனை ஏற இறங்கப் பார்த்தன.

"நாங்க கல்யாணம் காட்சின்னா வெளிய போவோம்" என்றது ஒரு அரக்குச் சேலை. "நீ எதுக்கு இங்க வந்து கிடக்க? வீட்டுல ஏதும் தப்புப் பண்ணிட்டியா?"

"நான் காவல் இருக்கேன்."

"எதுக்கு?"

"ஒருத்தர் குரலுக்கு."

"எங்க, கொஞ்சம் காட்டு, கேப்போம்."

தன்னால் அதைத் தனியே பேசிக் காட்ட முடியாது, கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால்தான் வாய் வரும் என்று சின்னவன் சொன்னபோது பீரோ முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு அவன் அவர்களிடம் பேசவில்லை. தனக்குள்ளே கிடந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பான். வஞ்சிரம். தண்ணி கொடு. ஏ ராசாத்தி. கோபத்தில் செல்வராணி. எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான்.

வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூடியோவுக்குப் போகும்போதுதான் அவனுக்கு உயிர் வரும். அங்கே பாட்டு நடந்துகொண்டிருக்கும். பெரியவன் எல்லாரோடும் கேலி பேசிக்கொண்டு கிடப்பான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வழி அவனுக்கு நீளமாக இருக்கும்.

சரஸ்வதி பூஜை வந்தது. முந்தின வெள்ளிக்கிழமையே சேர்மத்துரை சாமான்களைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"பூஜைக்கு நானும் இருக்கேன் அண்ணாச்சி" என்றான் சின்னவன்.

"வேண்டாம்லே" என்றான் பெரியவன். "தள்ளி இருக்கதுதானே உன் வேலை."

"உனக்கென்ன, சொல்லுவ. தள்ளி இருக்கவன் தொழில் சாமான் இல்லையா? மைக்குக்குப் பொட்டு, ஸ்டூலுக்குப் பொட்டு. வாசல்ல கிடக்க விளக்குமாத்துக்குக் கூடப் பொட்டு. எனக்கு மட்டும் பாச்சா உருண்டையா?"

சேர்மத்துரை அவனைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தார். ஆனால் பூஜை அன்று காலை கோமு அக்காவே பீரோவைத் திறந்து அவனை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"சோறு போடுத சாமான் இது. இதைச் சேலைக்கு அடியில பூட்டி வச்சிட்டு மத்ததுக்கு மட்டும் படையல் போடுவியாக்கும்? குத்தமாயிரும் தொரை."

"இல்லக்கா, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கப் பிடாதுன்னு..."

"சாமி முன்னாலதானே இருக்கப் போவுது? சாமியை விடக் காவலா உன் பீரோ?"

சேர்மத்துரைக்கும் மனசுக்குள் அந்த உறுத்தல் இருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டார்.

சின்னவன் வாழ்க்கையில் அதுபோல ஒரு காலை கிடையாது. மேஜை மேல் வாழையிலை விரித்து, நடுவில் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் பெரியவன், ஒரு பக்கம் அவன். கூரையிலிருந்து ஜிகினாத் தோரணம் தொங்கியது. சேர்மத்துரை விரலில் சந்தனத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். குளிர்ந்தது.

"போதுமாலே?" என்று கேட்டான் பெரியவன்.

"போதும்" என்றான் சின்னவன். நிஜமாகவே போதும் என்றுதான் இருந்தது.

பூசணிக்காய் உடைத்தார்கள். சுண்டலும் பொரியும் பக்கத்துக் கடைகளுக்குப் போயின. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. ஏற்றின விளக்கை ஊதி அணைக்கக் கூடாது. அதனால் சேர்மத்துரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஏ.சி.யை நிறுத்த மறந்திருந்தார்.

ஏ.சி.யின் காற்றில் தோரணம் விளக்குப் பக்கமாக ஆடியது.

"தள்ளி நில்லும்மா" என்றது விளக்கு.

"காத்து தள்ளுது. நான் என்ன செய்ய?" என்றது தோரணம்.

"நானா வரலை. நான் எரியத்தான் செய்வேன், என்னால அணைய முடியாது" என்றது விளக்கு.

தோரணம் இன்னும் ஒரு தடவை ஆடியது. பிறகு அது தோரணமாக இல்லை. சுவரில் தூங்கிக்கொண்டிருந்த ஃபோம் கண்ணை விழித்தது. இத்தனை வருஷம் சத்தத்தைக் குடித்ததுபோல இப்போது நெருப்பை ஒரே மடக்காகக் குடித்தது. கூரையிலிருந்து எரிகிற சொட்டுகள் விழுந்தன.

"கத்துங்கலே!" என்றது கம்ப்யூட்டர்.

எல்லாரும் கத்தினார்கள். சின்னவன் தனக்குள் தேடினான். இருக்கிறதிலேயே பெரிய குரல் அவனுக்குள்ளே இருந்தது. கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருந்தது, அதனால் வாயும் வந்தது. எண்களைக் கத்தினான். கெட்ட வார்த்தைகளைக் கத்தினான். கடைசியில் அந்தப் பெயரை, பயந்தால் கூப்பிடுகிற மாதிரி, கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டான்.

"செல்வராணீ!"

அந்த அறையை அப்படிக் கட்டியிருந்தார்கள். ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. சந்தில் பொரி தின்றுகொண்டு போனவர்கள் கதவிடுக்கில் புகை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் போயிற்று. பெரியவன் வாழையிலையோடு மேஜையில் உருகி ஒட்டிக்கொண்டான். சின்னவனை மட்டும் எடுக்க முடிந்தது. சேர்மத்துரை அவனை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே டிஸ்க் பழுதுபார்க்கிற ஒருவர் அவனைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே தட்டு வளைஞ்சிருச்சுங்க. இதுல இனி ஒண்ணும் இல்லை" என்று மூடிக் கொடுத்தார்.

சின்னவனுக்குக் காது கேட்டது, அவ்வளவுதான். உள்ளே தடவிப் பார்த்தான். வஞ்சிரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ராசாத்தி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

சேர்மத்துரை வேறொரு அறை பிடித்தார். புது மைக், புதுக் கம்ப்யூட்டர், ஒரு புது ஹார்ட் டிஸ்க். சின்னவனைத் தூக்கிப் போட மனம் வராமல் அலமாரி ஓரத்தில் வைத்திருந்தார்.

ஒரு காலையில் மிக்கேலும் செல்வராணியும் வந்தார்கள். மிக்கேலின் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. விஷயம் அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. ஆனாலும் செல்வராணி கேட்டாள்.

"அக்கா வீட்டுல ஒண்ணு தனியா இருக்குன்னு போனுல சொன்னீயளே தம்பி?"

"இருந்துச்சு மதினி. அன்னைக்கு மட்டும் இல்லை."

"ஏன்?"

சேர்மத்துரை தரையைப் பார்த்தார். "பொட்டு வைக்கக் கொண்டாந்தேன்."

"பொட்டு வைக்க" என்றாள் அவள். அலமாரி ஓரத்தில் சின்னவன் சுருங்கிப்போனான்.

மிக்கேல் மனைவியின் தோளைத் தொட்டார். புது மைக்கைக் கைகாட்டினார்.

"இருக்கதையாவது எடுத்து வைக்கணுமாம்" என்றாள் அவள்.

அவர் மைக் முன்னால் உட்கார்ந்தார். கழுத்துத் துணியை விலக்கினார். உதடு அசைந்தது. செல்வராணி என்றுதான் அசைந்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. துளையிலிருந்து காற்று மட்டும் சீறி வந்து, நின்று, மறுபடி வந்தது. மைக் அதை வாங்கிக்கொண்டது.

அவர்கள் போன பிறகு புது டிஸ்க் சின்னவனைப் பார்த்து மெதுவாகக் கேட்டது. "அண்ணே, இதுல வார்த்தையே இல்லையே. வெறும் காத்துதானே இருக்கு?"



சேர்மத்துரை வேலையைச் செய்தார். ஒரு பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. விலாசம் சொல்லாதவனுக்குக் கம்பியை மாட்டி ஒரு பிரதி அனுப்பினார். புது டிஸ்க்கில் ஒரு பிரதி ஏற்றி, பைக்கை எடுத்துக்கொண்டு போய், அக்கா வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த மூச்சு மூன்று இடத்தில் பத்திரமாக இருந்தது.