சபாநடேசனுக்கு ஒரு சமர்ப்பணம்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி சபாநடேசன், யார் என்ன கேட்டாலும் பதிலுக்குத் தன் ரோஜாவின் படத்தைச் சுருக்காமல் முழு அளவில் போட்டுவிடுவார். செங்கமலத்தின் பழைய போனில் அது பூவுக்கு மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தெரிவதோடு நின்றுவிடும். கத்தரிச் செடியில் புழு என்று அவள் கேட்டிருந்த கேள்வியும் அந்த ரோஜாக்களுக்கு அடியில் புதைந்துபோனது.

“ஐயா, படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிப் போடுங்களேன். திறக்கவே மாட்டேங்குது” என்று எழுதினாள்.

“எல்லாரும் பார்த்துத்தாம்மா ரசிக்கிறாங்க. இல்லேன்னு நிரூபி, பார்ப்போம். முடியலைன்னா குழுவைவிட்டுத் தூக்கிடுவேன்.”

செங்கமலம் உடனே ஒரு படத்தை முழு அளவில் ஏற்றி, ‘ஐயாவுக்குச் சமர்ப்பணம்’ என்று மட்டும் எழுதினாள்.

பாராட்டு கொட்டியது. “என்ன நிறம்!” “வாசனை இங்கே வரைக்கும் வருதே!” சபாநடேசனும் விடவில்லை. “பலே! இதழ் ஒவ்வொண்ணும் வெல்வெட்டு!”

எல்லாரும் புகழ்ந்து முடித்த பிறகுதான் அவரவர் போனில் படம் மெல்லத் திறந்தது. அதில் பூவே இல்லை. சல்லடையாக அரிபட்ட ஓர் இலையும் அதன்மேல் ஒரு புழுவும்தான் இருந்தன.

செங்கமலம் எழுதினாள்: “ஐயா, உங்க வெல்வெட்டுல நெளியறதுதான் என் கத்தரிப் புழு. இப்பவாவது மருந்து சொல்லுங்க.”