கரி படாத குஞ்சம்

முன்னொரு காலத்தில், கடலோரம் பவளக்கரை என்றொரு நாடு. அதை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்வார், இரண்டையும் உடனே செய்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவரிடம் குறை.

அந்த நாட்டு மிளகுக்குக் கடல் கடந்தும் பேர். அப்படியிருந்தும் ஒரு வருஷம் கப்பல் வியாபாரிகள் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். விசாரித்தால், மிளகில் குறையில்லை, அதைக் கட்டித் தரும் பையின் விலைதான் கட்டுப்படியாகவில்லை என்றார்களாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான்.

ராஜா சபையைக் கூட்டினார். பையின் செலவு பாதியாக வேண்டும், ஆனால் ஒரு மிளகு கீழே சிந்தக் கூடாது என்றார். போதாததற்கு, பையின் வாயில் தொங்கும் சிவப்புக் குஞ்சம் அப்படியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அது காலமாகிவிட்ட ராஜமாதாவின் ஏற்பாடு. அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் கரையில் கிடக்கும் மூட்டைகளில் நம்முடையவை எவை என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. சின்ன வயதில் ராஜா அம்மா மடியில் உட்கார்ந்து அந்தக் குஞ்சங்களை எண்ணுவாராம்.

பண்டகசாலை அதிகாரி அனந்தபத்மர் முந்திக்கொண்டு எழுந்தார். மந்திரி நாற்காலி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். நூலை மெல்லியதாக்கி, தையலை இரண்டுக்கு ஒன்றாக்கி, பை தைக்கும் ஊசித்தெருக்காரர்களின் கூலியையும் பாதியாக்கினால் தீர்ந்தது என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மந்திரி மாசிலாமணி சட்டென்று எழுந்தார். அவர் ஊசித்தெருவில் பிறந்தவர். அம்மா பை தைத்த கூலியில் வளர்ந்தவர். கூலி பாதியானால் அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் உலை வைக்க மாட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பிரபு, எனக்கு ஒரு மாதம் கொடுங்கள். கூலியில் கை வைக்காமல் குறைத்துக் காட்டுகிறேன். முடியாவிட்டால் என் பதவியை அவருக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஊசித்தெருவுக்குள் போனார். சணல் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. வெற்றுப் பைக் குவியல் மேல் படுத்துத் தூங்கிய மத்தியானங்களும், நூலை அறுக்க அம்மா பல்லால் கடிக்கும் சத்தமும் நினைவுக்கு வந்தன. மந்திரி என்பதெல்லாம் மறந்து, அம்மாவைத் தேடியது மனசு.

அம்மாவோடு வேலை செய்த குருவம்மா ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "வாப்பா மாசி. மந்திரியானா தெருவுக்கு வழி மறந்துபோகுமா?"

அவர் தலைகுனிந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பை எப்படித் தயாராகிறது என்று முழுசாகப் பார்த்தார். அடித்தையலும் வாய்க்கயிறும் சீக்கிரம் முடிந்துவிட்டன. அப்புறம் பக்கத்துக்கு இரண்டு காது, ஆமை முத்திரை, பட்டுக் கரை, குஞ்சம் என்று வேலை நீண்டுகொண்டே போனது.

"இந்தக் காது எதுக்கு?"

"கழுதை மேல கட்டுறதுக்காம். இப்ப ஏது கழுதை, எல்லாம் வண்டிதான். எதுக்குன்னு கேட்டா வழக்கம்ங்கறாங்க" என்றாள் குருவம்மா.

மந்திரிக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் சபையில் ஒரு ஏற்பாடு செய்தார். மந்திரியின் பங்குக்கு வழக்கமான பழைய பை ஒன்று, அனந்தபத்மரின் மெல்லிய பை ஒன்று, இரண்டிலும் மிளகு நிரப்பி, கிடங்கிலிருந்து அக்கரைத் துறைமுகம் வரை அனுப்ப வேண்டும். தொடுகிற ஒவ்வொருவரும் கையைக் கரிப்பொடியில் தோய்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பைகள் மாதக் கடைசியில் சபைக்குத் திரும்ப வேண்டும்.

மாதக் கடைசியில் அனந்தபத்மர் தம் பையை அழகாக மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். "பிரபு, மந்திரியின் பை அடுப்பங்கரைத் துணி மாதிரி கிடக்கிறது. என்னுடையதில் ஒரு கறை உண்டா பாருங்கள்" என்றார்.

கொஞ்சம் விரித்துக் காட்டலாமே என்று மந்திரி பணிவாகக் கேட்டார். விரித்தால் அடிப்பக்கமே இல்லை. சுமைக்காரர் தலைவன் கைகட்டிச் சொன்னான்: "எசமான், அது கிடங்கு வாசல்ல மிளகை நிரப்பும்போதே பிரிஞ்சு கொட்டிடுச்சு. அப்புறம் அதை யாருங்க தொடுவா?"

சபை வாய்விட்டுச் சிரித்தது.

மந்திரி தம் பையை விரித்தார். அடியும் நான்கு மூலையும் வாய்க்கயிறும் கன்னங்கரேல் என்றிருந்தன. காது, முத்திரை, பட்டுக் கரை எதிலும் கரி இல்லை. "கரி பட்ட இடம் உழைக்கிற இடம், பிரபு. அதில் ஒரு இழைகூடக் குறைக்க மாட்டேன். மற்றதை எடுத்துவிட்டால் ஒரு பை தைக்கும் நேரத்தில் இரண்டு பை ஆகும். பை உறுதியாகவே இருக்கும், செலவு பாதியாகும், தைப்பவர்களின் நாள்கூலியும் குறையாது" என்றார்.

அனந்தபத்மர் விடவில்லை. "குஞ்சத்திலும் கரி இல்லையே. ராஜமாதாவின் குஞ்சத்தையும் வெட்டச் சொல்கிறாரா மந்திரி?"

ராஜா எழுந்து வந்தார். கரிக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, குஞ்சத்தை மெதுவாகப் பிடித்தார்.

"இதைத் தொடவும் ஒரு கை இருக்கிறது, மந்திரி."

மந்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பிரபு, அந்தக் காலத்துக் குஞ்சமெல்லாம் என் அம்மா கையால் முடிந்தது. அதை வெட்ட எனக்கும் கை வராது. ஆனால் மாடத்திலிருந்து அடையாளம் தெரியக் கப்பலுக்கு ஒன்று போதுமே. பாய்மரத்தில் கட்டிவிடலாம்."

ராஜா குஞ்சத்தைக் கையிலிருந்து விட்டார். பிறகு சொன்னார்: "எத்தனை எண்ணினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. எண்ணி முடிக்கிற வரைக்கும் அம்மா மடியிலிருந்து இறக்கிவிட மாட்டாள். அதுதான் ஞாபகம் இருக்கிறது. கப்பலுக்கு ஒன்றே இருக்கட்டும்."

ஊசித்தெருக் கூலி அப்படியே நின்றது. மந்திரிக்கு ராஜா தம் தோள் சால்வையைப் போர்த்தினார். அனந்தபத்மரை ஒரு மாதம் குருவம்மா பக்கத்தில் உட்கார்ந்து அடித்தையல் போட அனுப்பினார். முதல் வாரமே அவர் தையலைக் குருவம்மா மூன்று தரம் பிரித்துப் போட்டாளாம்.

வியாபாரிகள் திரும்பி வந்தார்கள். முதல் நாள் துறைமுகத்தில் ஏழு கப்பல், ஏழு குஞ்சம். ராஜா மாடத்துக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து எண்ணினார். ஏழையும் எண்ணி முடிக்க அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.